கத்தியை யார் கையில் கொடுக்கிறோம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு பக்கமும் ஒரு தடவை பாருங்கள். "முடி நடப்படும்", "தழும்பு நீக்கப்படும்", "மூக்கு எடுப்பாக்கப்படும்", "கொழுப்பு கரைக்கப்படும்", "தவணையில் பணம் கட்டலாம்" என்று எத்தனை விளம்பரங்கள்! கைப்பேசியைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான். இன்டர்வியூவுக்கு முன்னால் முன்நெற்றி வழுக்கையைச் சரி பண்ணலாமா என்று யோசிக்கிற நண்பர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் முகத்துத் தழும்பை எடுத்துவிடலாமா என்று கவலைப்படுகிற அக்கா தங்கைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அழகு பார்ப்பது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. முகம் என்பது நாலு பேர் முன்னால் நாம் கொண்டுபோய் நிற்கிற ஒன்று. அதில் ஒரு குறை இருந்தால் அதன் வலி அவரவருக்குத்தான் தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் கத்தியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை விசாரிக்காமல் மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

என் தகப்பனார் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படித்த முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில் முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். அப்படி வந்த ஒரு தாளால்தான் இந்த விஷயத்தை நான் தேடித் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் இல்லை!

"பிளாஸ்டிக் சர்ஜரின்னா உடம்புக்குள்ள பிளாஸ்டிக்க வச்சுத் தைப்பாங்களாடா?" என்று எங்கம்மா கேட்டார்கள். சிரிக்காதீர்கள். நம்மிலேயே பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. 'பிளாஸ்டிக்' என்பதன் மூலம் கிரேக்க மொழி. களிமண்ணைப் பிசைந்து உருக் கொடுப்பதைக் குறிக்கும் சொல் அது. பெர்லினைச் சேர்ந்த கார்ல் வான் கிரேஃப் என்ற அறுவை மருத்துவர் 1818ல் மூக்கு சீரமைப்பு பற்றி எழுதிய நூலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படிக்கிற பேக்கலைட்டை பேக்லண்ட் கண்டுபிடித்ததோ 1907ல்தான். ஆகவே பிளாஸ்டிக் வாளிக்கு முந்தியது பிளாஸ்டிக் சர்ஜரி.

இந்தத் துறையில் இரண்டு கிளைகள் உண்டு. தீக்காயம், விபத்து, பிறவி உதட்டுப் பிளவு போன்றவற்றால் கெட்டுப்போன உறுப்பைத் திரும்ப உருவாக்குவது ஒன்று, இது மறுசீரமைப்பு. நன்றாக இருக்கிற உறுப்பைத் தோற்றத்துக்காக மாற்றுவது இன்னொன்று. இதுதான் காஸ்மெட்டிக் சர்ஜரி. இரண்டுக்கும் அடிப்படைப் படிப்பு ஒன்றே. அழகுக்காகச் செய்வதாயிற்றே, இது என்ன பெரிய ஆபரேஷனா என்று நினைப்பதுதான் ஆபத்து. கத்தி பட்டால் ரத்தம் வரும். மயக்க மருந்து ஏறினால் அது இதயத்தையும் மூச்சையும் தொடும். காரணம் அழகா நோயா என்று பார்த்து உடம்பு சலுகை காட்டாது.

இருபது வருடம் காத்திருந்த மனிதர்

இந்தக் கலை பிறந்த மண் நம்முடையது. சுஸ்ருத சம்ஹிதையில் மூக்கைத் திரும்ப உருவாக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1794 அக்டோபரில் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கு அறுபட்டார். புனே பக்கத்தில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு செய்து கொடுத்தார். முதலில் மெழுகில் மூக்கின் அளவு எடுத்து, அதை நெற்றியில் விரித்து வைத்துக் கோடு போட்டு, பிறகுதான் வெட்டினார். ஒர்க்ஷாப்பில் மார்க்கிங் செய்யாமல் ஷீட் மெட்டலை வெட்டாதே என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே பாடம்!

அந்தச் செய்தியைப் படித்தவர்களில் ஜோசப் கார்ப்பூ என்ற லண்டன் மருத்துவர் ஒருவர். பத்திரிகையில் படம் பார்த்தாயிற்று என்று மறுநாளே கத்தியைத் தூக்கிவிடவில்லை. இறந்த உடல்களில் செய்து செய்து பழகினார். ஏறத்தாழ 20 வருடம் கழித்து 1814ல்தான் உயிருள்ள மனிதருக்கு அந்த ஆபரேஷனைச் செய்தார். இரண்டு நாள் பயிற்சி முகாமில் சான்றிதழ் வாங்கி, மூன்றாம் நாள் போர்டு மாட்டுகிறவர்கள் இருக்கிற இந்தக் காலத்தில் கார்ப்பூவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், 1946ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியான பிறகும் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்து, மூக்கு அமுங்கிய முகத்தைப் பார்த்தே ஊர் ஒதுக்கியது. ஆகவே தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவமும் வைத்தார்கள்; மூக்கையும் சீரமைத்தார்கள். அழகு சிகிச்சை சோற்றுக்கே வழி செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டாக்டர் என்றால் எல்லாரும் ஒன்றா?

"அவரும் டாக்டர்தானே?" என்ற கேள்விதான் நம்மை ஏமாற்றுகிற கேள்வி.

நம் வ.உ.சி. துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கடல் சுற்றிய கப்பல் கேப்டன் வருகிறார். அவருக்குக் கப்பல் ஓட்டத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் நம் துறைமுகத்து பைலட் போட்டில் போய், கயிற்று ஏணி பிடித்து ஏறி, பக்கத்தில் நின்று வழி சொல்லித்தான் கப்பல் உள்ளே வரும். இந்த வாய்க்காலின் ஆழம் எங்கே, நீரோட்டம் எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும். கேப்டன் பெரியவர்தான், ஆனால் இந்த வாய்க்காலுக்கு இந்த பைலட்.

நம் தொழிலையே பாருங்கள். வெல்டிங் தெரிந்த எல்லாரையும் அனல் மின் நிலையத்து பாய்லர் டியூப்பில் கை வைக்க விடுவார்களா? பாய்லர் சட்டப்படி தேர்வு எழுதி, ஜாயின்ட் போட்டுக் காட்டி, சான்றிதழ் வாங்கிய வெல்டர்தான் தொடலாம். இரும்புக் குழாய்க்கே இவ்வளவு கட்டுப்பாடு. நம் முகத்துக்கு வேண்டாமா?

இப்போது மருத்துவப் படிப்புகளை வரிசையாகப் பார்ப்போம்.

எம்.பி.பி.எஸ்.: பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். இவர் முழு மருத்துவர். காய்ச்சலுக்கும் கட்டுப் போடவும் இவரிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் பிளாஸ்டிக் சர்ஜரி இவருடைய தனிப் பயிற்சி இல்லை.

எம்.எஸ். பொது அறுவை: அதற்கு மேல் மூன்று வருடம்.

எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி: அதற்கும் மேல் மூன்று வருடம். கூட்டிப் பாருங்கள், பதினொன்றரை வருடம்! தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி., டிஆர்.என்.பி. பட்டங்களும் இந்தத் துறைக்கு உண்டு.

எம்.டி. தோல் மருத்துவம்: எம்.பி.பி.எஸ்.சுக்கு மேல் மூன்று வருடம். பரு, தோல் நிறம், லேசர், முடி சம்பந்தப்பட்டவற்றுக்கு இவர்.

எம்.எஸ். காது மூக்கு தொண்டை: மூக்கு எலும்பு வளைந்து மூச்சு அடைப்பவர்களுக்கு இவர்.

எம்.டி.எஸ். வாய், தாடை, முக அறுவை: பல் மருத்துவம் படித்து மேற்கொண்டு மூன்று வருடம் படித்தவர். தாடை முன்தள்ளியிருப்பது, தாடை எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு இவர்.

'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஹேர் எக்ஸ்பர்ட்', 'ஈஸ்தெடிக் கன்சல்டன்ட்' என்பவை பட்டங்கள் அல்ல. பெயருக்குப் பின்னால் நீளமாக எழுத்துகள் இருந்தால் மயங்க வேண்டாம். அதில் எம்.சிஎச். போல அங்கீகரிக்கப்பட்ட பட்டம் எது, சில நாள் வகுப்புக்குக் கொடுத்த சான்றிதழ் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்க அக்காவுக்குப் பன்னிரண்டு வயசில் மண்ணெண்ணெய் ஸ்டவ் பொங்கி எரிந்து தாடையிலும் கழுத்திலும் தீக்காயம். காயம் ஆறியது, தழும்பு தடித்து இறுகிவிட்டது. போன வருடம் ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஆனா கழுத்துலதான்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு அழகு சிகிச்சை நிலையத்தில் விசாரித்தார்கள். "ஒரே சிட்டிங், எண்பதாயிரம், தழும்பு இருந்த இடமே தெரியாது. இந்த மாசத்துக்குள்ள கட்டினா பத்தாயிரம் தள்ளுபடி" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. அப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ஏல, நீ படிக்கிற புள்ள. ஒரு எட்டு போயி, யாரு என்னன்னு வெசாரிச்சிட்டு வா" என்றார்கள்.

போனேன். தாளில் 'டாக்டர்' என்று இருந்தது. பதிவு எண் இல்லை. ஆபரேஷன் செய்கிறவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். "எல்லாம் பெரிய டாக்டர்தான் தம்பி" என்றார்கள். பதிவு எண் வேண்டும் என்றேன். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? அக்காவக் கூட்டிட்டு வா, பேசிக்கிடலாம்" என்றார்கள். டாக்டரைப் பார்க்க முடியுமா என்றேன். முன்பணம் கட்டினால்தான் பார்க்க முடியும் என்றார்கள். அக்காவின் கழுத்தை ஒரு மருத்துவர்கூடத் தொட்டுப் பார்க்காமலே விலை மட்டும் முடிவாகியிருந்தது!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் அக்காவை ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். காத்திருந்தது காலையிலிருந்து மத்தியானம் வரை. அந்த டாக்டரம்மா அக்காவின் தாடையைப் பிடித்து, "மேல பாரும்மா" என்றார்கள். அக்காவால் முழுசாக நிமிர முடியவில்லை. இத்தனை வருடம் நாங்கள் தழும்பின் நிறத்தைப் பார்த்தோமே தவிர, கழுத்து நிமிராததை ஒரு குறையாக எண்ணியதில்லை.

"தழும்பு போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். எந்தத் தழும்பையும் யாராலும் அழிக்க முடியாது. இறுகின இடத்த விடுவிச்சு, தொடையிலிருந்து தோல் எடுத்து வச்சா கழுத்து நிமிரும். பாக்கவும் இதைவிட நல்லா இருக்கும். ஆனா மாசக்கணக்குல கழுத்துப் பட்டை போடணும். எண்ணெய் தேச்சு நீவி விடணும். செய்வியா?" என்று கேட்டார்கள். அக்கா 'ம்' என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. பட்டை போட்டாள், நீவி விட்டாள். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அது வேறு கதை. "கொடியில மேல பாத்துத் துணி காயப்போட முடியுதுல்லா, அது போதும் எனக்கு" என்கிறாள் அக்கா.

நண்பர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'தழும்பே தெரியாது' என்று சொன்ன இடத்தில் யார் செய்வார்கள் என்று சொல்லவில்லை. முறையாகப் படித்தவரோ எது முடியாது என்பதை முதலில் சொன்னார். தன்னால் முடியாததைச் சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.

மருத்துவ மாணவருக்கே நேர்ந்தது

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016 மே மாதம் சென்னையில் 22 வயது இளைஞர் ஒருவர் முடி நட்டுக்கொள்ளப் போனார். பல மணி நேரம் நடந்த அந்த சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, பிறகு வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்! அந்த நிலையத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான உரிமம்தான் என்று பின்னர் செய்திகள் வந்தன. நிலையம் மூடி முத்திரை இடப்பட்டது. ஆனால் போன உயிர் வருமா?

முடி நடுவதில் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு துளைகள். பல மணி நேர வேலை. தலை மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். உடல் எடைக்கு இவ்வளவுதான் என்று அந்த மருந்துக்கு அளவு உண்டு. அளவு மீறி ரத்தத்தில் ஏறினால் முதலில் உதடு மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும்; பிறகு வலிப்பு வரும்; கடைசியில் இதயத் துடிப்பே தடுமாறும். இதைக் கண்டுபிடித்து உடனே சமாளிக்கத் தெரிந்தவரும், அதற்கான மருந்தும் ஆக்சிஜனும் அதே அறையில் இருக்க வேண்டும்.

இந்த மாதிரி சம்பவங்கள் தொடர்ந்ததால், தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அழகு அறுவைக்கும் முடி நடுதலுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி உள்ள பதிவுபெற்ற மருத்துவர்தான் இவற்றைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துவிட்டு ஆரம்பிப்பது போதிய பயிற்சி ஆகாது என்றும் அதில் சொல்லியிருக்கிறது. யூடியூப் பார்த்து லேத் ஓட்டினாலே சார் திட்டுகிறார். மண்டையில் ஓட்டலாமா?

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். பதினெட்டு, இருபது வயதில் முடி எதுவரை கொட்டும் என்பது நிலைப்பட்டிருக்காது. இன்று முன்னால் நட்டால், நாளை அதற்குப் பின்னால் கொட்டி நடுவில் வெற்றிடம் விழலாம். முறையான மருத்துவர் இந்த வயதில் பொறுத்திருக்கச் சொல்வார். முதலில் மருந்துகளைத்தான் பார்ப்பார்.

கயிறு பிடிப்பவர் யார்?

நம் கடற்கரையில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961ல். அந்தக் காலத்தில் குளிப்பவர் கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். குளிப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் உயிர் போகும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தன் தங்கச்சி தாலிக்காகவாவது கண்ணை எடுக்காமல் பார்ப்பான் அல்லவா!

ஆபரேஷன் தியேட்டரில் அந்தக் கயிறு பிடிப்பவர்தான் மயக்க மருந்து நிபுணர். சர்ஜன் கண் கத்தியில் இருக்கும். நம் மூச்சையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர். எம்.டி. அனஸ்தீசியா அல்லது அதற்கான டிப்ளமோ படித்திருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறவராக இருக்கக் கூடாது. நாம் கண் விழிக்கும் வரை கூடவே இருக்க வேண்டும்.

தோணியும் சரியாக இருக்க வேண்டும். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பிறகு இறந்தார். வயது 21. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு வசதி இல்லை என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். எல்லாம் நன்றாக நடக்கும்போது எந்த அறையிலும் ஆபரேஷன் செய்துவிடலாம். ஏதாவது தவறும்போதுதான் அந்த அறையின் தகுதி தெரியும்.

பதிவு எண்ணைப் பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு மருத்துவருக்கும் மாநில மருத்துவ கவுன்சில் ஒரு பதிவு எண் கொடுக்கிறது. நமக்கு தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அந்த எண்ணை மருத்துவமனையிலும், மருந்துச் சீட்டிலும், பண ரசீதிலும் மருத்துவர் காட்ட வேண்டும் என்பது 2002ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எண்ணை வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையப் பக்கத்திலோ தேடுங்கள். காசு கிடையாது. மூன்றைப் பாருங்கள். பெயர் பொருந்துகிறதா? என்ன பட்டம் பதிவாகியிருக்கிறது? மேற்படிப்பு அதில் ஏறியிருக்கிறதா? நம் கம்ப்யூட்டர் லேபில் ஐந்து நிமிட வேலை. மருத்துவமனைக்கும் தனிப் பதிவு உண்டு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997ல் வந்தது. அதன்படி பெற்ற சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

இதை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர் பெயர், பட்டம், பதிவு எண் என்ன?
2. அவரே செய்வாரா, உதவியாளர் செய்வாரா?
3. இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? சரியாக வராதபோது என்ன செய்தார்?
4. மயக்க மருந்து கொடுப்பவர் யார்? கடைசி வரை இருப்பாரா?
5. ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறையிலேயே இருக்கின்றனவா? நிலைமை மோசமானால் எந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்?
6. ஆபரேஷனுக்கு முன் ரத்தம், இதயம் எல்லாம் பரிசோதிப்பீர்களா?
7. என்னென்ன கெடுதல் வரலாம்? செய்யாமலே விட்டால் என்ன ஆகும்?
8. மொத்தச் செலவு எவ்வளவு? மறுபடி செய்ய நேர்ந்தால் யார் பொறுப்பு?

ஆறாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாயார் டோண்டா வெஸ்ட் 2007 நவம்பரில் அழகு அறுவைக்கு மறுநாள் இறந்தார். அதன் பிறகு 2009ல் கலிபோர்னியா மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்து, அழகு அறுவைக்கு முன் உடல் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கோபப்படுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "இன்னைக்கே கட்டினா தள்ளுபடி" என்கிற இடத்திலிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடி ஜவுளிக்குச் சரி, உடம்புக்கு வேண்டாம்.

நம் பக்கத்துக் கடமை

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நோயாளியையும் வள்ளுவர் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்! அப்படியானால் நமக்கும் பொறுப்பு உண்டு. பழைய நோய், ஒவ்வாத மருந்து, பீடி சிகரெட் பழக்கம் எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. புகை பிடித்தால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும். ஒட்டு வைத்த தோல் கருகலாம். வீட்டுக்குச் சொல்லாமல் தனியாகப் போய் ஆபரேஷன் மேஜையில் படுப்பதும் கூடாது. நம் கயிற்றைப் பிடிக்க நம்மவர் ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

சம்மதப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று 2008ல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே பில், சீட்டு, படிவத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

காசு இல்லையே என்று போலி நிலையத்துக்குப் போக வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறை இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் கை அறுவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பெயர்பெற்ற துறையே உண்டு. அழகுக்காக மட்டும் செய்வதற்குக் காப்பீடு கிடைக்காது. தீக்காயச் சுருக்கம், பிறவிக் குறை போன்றவற்றுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா என்று மருத்துவமனையிலுள்ள அந்தத் திட்டத்தின் கவுன்டரிலேயே கேளுங்கள்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போவதோடு நம் படிப்பின் பயன் முடிந்துவிடுவதில்லை. அப்பாவோ அம்மாவோ கூச்சப்பட்டுக் கேட்காத கேள்வியை அவர்களுக்காக நிமிர்ந்து நின்று கேட்க வேண்டியவர்களும் நாம்தான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படி ஒரு சிகிச்சைக்குக் கிளம்பினால், பணம் கட்டும் முன்னால் அந்த மருத்துவரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நான் லேப் வாசலில்தான் இருப்பேன். சேர்ந்து தேடிப் பார்ப்போம்!